துரை தலையாட்டும் வரை

1

போன திங்கட்கிழமையோடு நான் பினாங்கில் கரையிறங்கிப் பதினெட்டு வருஷம் முடிந்தது. ஆண்டுதோறும் அந்த நாளில் என் மனைவி சிவகாமி பாயசம் வைப்பாள். கப்பலில் நான் எடுத்த வாந்திக்கு உயிரோடு வந்து சேர்ந்ததே பெரிது என்று அதற்குக் காரணமும் சொல்வாள். இந்த வருஷம் பாயசம் ஆறிப்போய்விட்டது. அன்று பகலில் அலுவலகத்தில் நடந்த ஒன்றை நான் விடாமல் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலாவது தடவை ஆரம்பித்தபோது, "போதும், ஊர்ப் பத்திரிகைக்கு எழுதுங்க, என்னை விடுங்க" என்று எழுந்து போனாள். அதனால்தான் எழுதுகிறேன்.

திருவாரூர்ப் பக்கத்து வாசகர்கள் சிலருக்கு என்னை ஞாபகம் இருக்கலாம். தத்துவ சாஸ்திரம் எடுத்து பி.ஏ. தேறி, தேறிய பிறகு வேலையில்லாமல் கடைத்தெருவில் சுற்றியவன் நான்தான். என் தாய்மாமன் வக்கீல் குமாஸ்தா. "ஏம்ப்பா, கோர்ட்டுல தத்துவத்துக்கு என்ன ஃபீஸ்?" என்று நாலு பேர் நடுவில் கேட்பார். தத்துவம் படித்தவன் என்று கேள்விப்பட்ட ஒருவர், தம் பேத்தியின் ஜாதகத்தை என் கையில் கொடுத்து ஏழாம் இடத்தைப் பார்க்கச் சொன்னார். இந்தப் படிப்பால் யாருக்கு என்ன லாபம் என்ற கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. கோபம்தான் இருந்தது. அந்தக் கோபத்தோடுதான் கப்பல் ஏறினேன்.

இங்கே எனக்கு வாய்த்தது மொழிபெயர்ப்பாளர் உத்தியோகம். அலுவலகத்தின் பெயர் வேண்டாம், உத்தியோகஸ்தன் வாய்க்குப் பூட்டு உண்டு. ஊர் சுகாதாரம், தெரு, சந்தை, தண்ணீர் இவற்றைக் கவனிக்கும் இடம் என்று தெரிந்தால் போதும். டத்தோ கிராமாட்டில் வீடு. காலையில் டிராம் ஏறிப் போய், "எச்சில் துப்பாதே", "நாய்க்கு லைசென்ஸ் வாங்கு" என்று தமிழில் எழுதிக்கொடுப்பேன். யாராவது முறையிட வந்தால் அவர் தமிழை இங்கிலீஷாக்கித் துரைகளுக்குச் சொல்வேன். வேலையில் சேர்ந்த அன்றே சத்தியம் வாங்கிக்கொண்டார்கள்: சொன்னதைச் சொல், சேர்க்காதே, விடாதே. பி.ஏ.வுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை என்று முதல் வருஷம் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

சூலியா தெருவில் செய்யது ராவுத்தர் என்பவர் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். அவர் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒரு சபை கூடும். இந்தச் சபைக்குப் பெயர்கூட இல்லை. தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியார் அருணாசலம் பிள்ளைதான் அதன் உயிர். அவர் சித்தாந்தம் கற்ற சைவர், ராவுத்தர் ஐந்து வேளையும் தொழுகிறவர். இரண்டு பேருக்கும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாது. ஆனாலும் ஒருவர் இல்லாமல் இன்னொருவருக்கு ஞாயிற்றுக்கிழமை விடியாது.

நான் முதல்முறை போன அன்று, படித்தவன் என்று காட்டிக்கொள்ள, கல்லூரியில் கற்ற பாடத்தை எடுத்துவிட்டேன். மலைமேல் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு என்று ஊகிக்கிறோம் அல்லவா என்று ஆரம்பித்தேன். வாத்தியார் ஜன்னலைத் திறந்து பினாங்கு மலையைக் காட்டினார். உச்சியில் மேகம் புகை மாதிரியே படர்ந்து கிடந்தது. "இது தினம் இப்பிடித்தான் இருக்கும் தம்பி. தீயணைக்க ஆள் அனுப்புவமா?" என்றார். மாடி முழுவதும் சிரித்தது. எனக்கு முகம் சிவந்தது. ஆனால் அடுத்த ஞாயிறும் போனேன்.

அந்தச் சபைக்கு ஒரு வழக்கம் இருந்தது. நம் பழைய நூல்களில் பிறர் கொள்கையைப் பரபக்கம் என்று முதலில் சொல்லி, பிறகுதான் தம் கொள்கையைச் சுபக்கம் என்று சொல்வார்கள். வாத்தியார் அதை எதிரெதிரே நாற்காலி போட்டு உட்காரும் மனிதர்களுக்குச் சட்டமாக்கியிருந்தார். எதிராளி சொன்னதை அவனைவிட நன்றாக நீ எடுத்துச்சொல்ல வேண்டும். "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று அவன் தலையாட்ட வேண்டும். தலையாட்டிய பிறகுதான் உன் முறை. ஆட்டாவிட்டால் திரும்பச் சொல்ல வேண்டியதுதான்.

எனக்குப் பொறுமை கிடையாது. கல்லூரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது மறுப்பதற்கு. எதிராளி வாயை மூடும் முன்பே அவனை எங்கே மடக்கலாம் என்று பார்த்துப் பழகியவன் நான். இங்கேயோ ராவுத்தரின் கொள்கையை வாத்தியார் சொல்லச்சொல்ல, "அது இல்லிங்க வாத்தியாரே, நான் அப்பிடிச் சொல்லல லா" என்று ராவுத்தர் இந்த ஊர் 'லா'வையும் சேர்த்துத் தலையை இடம் வலமாக ஆட்டிக்கொண்டே இருப்பார். விதி பற்றிய ஒரே ஒரு கருத்துக்கு ஒரு பகல் போயிருக்கிறது. கோப்பி ஆறும், மறுபடி வரும், அதுவும் ஆறும்.

ராவுத்தர் கடைக்கும் என் வீட்டுக்கும் துணி வெளுப்பவர் பெருமாள். ஆயர் ஈத்தாமிலிருந்து இறங்கிவரும் ஆற்றங்கரையில் வரிசையாகத் துவைகல் போட்டிருந்த டோபிக் குடும்பங்களுக்கு அவர்தான் தலைவர் மாதிரி. மூட்டையோடு மாடியேறி வருவார், ஓரமாக உட்கார்ந்து கொஞ்சம் கேட்பார். "இன்னும் மொத ஆளு பேச்சே முடியலியா?" என்று சிரித்துவிட்டு இறங்கிப் போய்விடுவார்.

3

ஒரு மழைக்காலத்தில் ஆற்றை ஒட்டிய கம்பத்தில், அதாவது குடிசைக் கிராமத்தில், காய்ச்சல் வந்தது. குழந்தைகள்தான் அதிகம் போனார்கள். மாரியாயி என்ற பெண் நாலு நாளில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு எங்கள் அலுவலக வாசலில் வந்து உட்கார்ந்திருந்தாள். என்ன கேட்க வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நானும் மொழிபெயர்க்க ஒன்றுமில்லாமல் பக்கத்தில் நின்றேன்.

சுகாதார அதிகாரி ஒரு டாக்டர் துரை. உயரமாக, கூனல் போட்டு நடப்பார். அவர் ஆற்றை மேலும் கீழும் நடந்து பார்த்துவிட்டுத் துவைகற்களை அடியோடு அகற்ற வேண்டும் என்று எழுதிவிட்டார். அழுக்குத் துணி தண்ணீரைக் கெடுக்கிறது, கீழே உள்ளவர்கள் அந்தத் தண்ணீரில் பாத்திரம் கழுவுகிறார்கள், ஆகவே காய்ச்சல் வருகிறது. அந்த அறிவிப்பைத் தமிழாக்கியது நான்தான். கல்லை எடுத்தால் அத்தனை குடும்பத்துக்கும் பிழைப்பு போய்விடும். கல்லுக்குப் பின்னால்தான் அவர்கள் குடிசை, குடிசைக்குப் பின்னால்தான் துணி உலர்த்தும் கொடி. வேறு தொழிலும் தெரியாது, வேறு இடமும் இல்லை.

ஊர் கொதித்தது. ஏழை வயிற்றில் அடிக்கும் துரை என்று துண்டுத்தாள் போட்டார்கள். அதிகாரியின் வீட்டு மதிலில் யாரோ சாணியை அடித்தார்கள். முறையீட்டைக் கேட்க எங்கள் அலுவலகக் குழு ஒரு நாள் குறித்தது. டோபிகளுக்காக ஒருவர் பேசலாம் என்று அனுமதி வந்தது. பெருமாள் வாத்தியாரிடம் போனார்.

"நீங்கதான் எங்களுக்காகப் பேசணும் வாத்தியாரே. எங்களுக்குக் கத்தத்தான் தெரியும்."

வாத்தியார் ஒப்புக்கொண்டார். அன்று மாலை என்னைப் பார்த்து, "நான் சொல்றத அப்பிடியே சொல்லணும் தம்பி" என்றார். அதற்குத்தான் சம்பளம் என்றேன்.

4

அந்தக் காலை எனக்கு இன்றும் கண்முன் நிற்கிறது. மேஜைக்கு அந்தப் பக்கம் குழுத் தலைவர், அவருக்கு வலப்பக்கம் டாக்டர் துரை, ஓரத்தில் குறிப்பெடுக்கும் எழுத்தர். இந்தப் பக்கம் கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக வாத்தியார், அவர் தோளருகே நான். பின்னால் சுவரோரம் பெருமாளும் அவர் மனைவி அஞ்சலையும் மற்றவர்களும் தாங்களே வெளுத்த துணியில் பளிச்சென்று நின்றார்கள். டாக்டர் துரை தம் அறிக்கையை வாசித்து முடித்ததும் வாத்தியாரைக் கூப்பிட்டார்கள்.

வாத்தியார் பேசினார். "ஆறு எல்லோருக்கும் பொது. ஒருவர் பிழைப்புக்காக அதைக் கெடுக்க யாருக்கும் உரிமை இல்லை. இந்த டாக்டர் காய்ச்சல் வார்டில் பிள்ளைகள் சாவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். நாங்கள் பார்க்கவில்லை. பார்த்தவருடைய அவசரத்தைப் பார்க்காதவர்கள் கொடுமை என்று சொல்லக் கூடாது. கல் போனால் பிழைப்பு போகும், பிழைப்பை மறுபடி தேடிக்கொள்ளலாம். பிள்ளை போனால் போனதுதான். ஆகவே சந்தேகம் இருக்கும்போது பிள்ளைகள் பக்கம் சாய்வதே தர்மம்."

நான் ஒரு சொல் விடாமல் சொன்னேன். சொல்லிக்கொண்டே டாக்டர் துரையைப் பார்த்தேன். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டிருந்தார்.

வாத்தியார் நிறுத்தினார். நிறுத்தி, டாக்டர் துரையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்குச் சட்டென்று விளங்கியது. மனிதர் தலையாட்டலுக்காகக் காத்திருக்கிறார்! ராவுத்தர் கடை மாடியில் முப்பது தரம் நின்றமாதிரியே இங்கேயும் நிற்கிறார். இந்த அறையில் அந்த வழக்கம் யாருக்குத் தெரியும்? குழுத் தலைவர் மணியைப் பார்த்தார். "மிக நன்று. டோபிகளின் பிரதிநிதியே அறிக்கையை ஒப்புக்கொள்கிறார். எழுதிக்கொள்ளுங்கள். அடுத்தது" என்று இங்கிலீஷில் சொன்னார். எழுத்தரின் பேனா ஓடியது.

நான் என்ன செய்வது? ஐயா, அவர் இன்னும் தம் பக்கத்தை ஆரம்பிக்கவே இல்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் அது வாத்தியார் சொன்னதல்ல, என் சொல். சேர்க்காதே என்றுதான் சத்தியம். தலைவர் சொன்னதை வாத்தியாருக்குத் தமிழில் சொன்னேன், அது என் கடமை. அவர் அசையவில்லை. "தலைவர் தலையாட்டி என்ன தம்பி, டாக்டரில்ல ஆட்டணும்?" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அவரைப் பிடித்து உலுக்கலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

நான் தமிழில் சொன்னது பின்னால் இருந்தவர்கள் காதிலும் விழுந்துவிட்டது. பெருமாள் இரண்டடி முன்னால் வந்தார்.

"எங்களுக்காகப் பேசுங்கன்னு கூட்டியாந்தா, எங்க கழுத்துக்கே கத்தி வச்சிட்டீங்களே வாத்தியாரே!"

அஞ்சலை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சேவகன் அவர்களை வெளியே போகச் சொல்லிக் கையை நீட்டினான். வாத்தியார் மட்டும் நட்ட கல் மாதிரி அங்கேயே நின்றார்.

அப்போது டாக்டர் துரை என்னைப் பார்த்து, "அவர் ஏன் இன்னும் நிற்கிறார் என்று கேளுங்கள்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. கேட்டேன். வாத்தியார் சொன்னார்: "நான் இதுவரை பேசியது துரை பேச்சு. அவர் சொல்ல வந்ததை நான் சரியாகச் சொன்னேனா என்று அவர் தலையாட்ட வேண்டும். அவர் ஆட்டாமல் என் பேச்சை ஆரம்பிக்க எனக்கு அதிகாரம் இல்லை."

இதையும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். டாக்டர் துரை வாத்தியாரைப் பார்த்துத் தலையை அசைத்தார். "ஆமாம். இதைத்தான் சொல்ல நினைத்தேன். நானே இவ்வளவு நன்றாகச் சொல்லவில்லை" என்றார். பிறகு எழுந்து நின்று, குழுத் தலைவர் பக்கம் திரும்பினார். "ஐயா, என் வழக்கு இன்று இரண்டு தடவை கேட்கப்பட்டுவிட்டது. இவர்கள் வழக்கு ஒரு தடவைகூடக் கேட்கப்படவில்லை. எழுதியதை அடித்துவிடச் சொல்லுங்கள்."

மதிலில் சாணி அடிவாங்கிய மனிதர் அவர். அவருக்காக ஒருவரும் இந்த ஊரில் ஒரு வார்த்தை பேசியதில்லை. எதிர்க்கட்சிக்காரர் வாயிலிருந்துதான் முதல்முறையாகத் தம் நியாயத்தைக் கேட்டார். அவர் எழுந்து நின்றதற்குக் காரணம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

எழுத்தர் அடித்தார். வாத்தியார் அதற்குப் பிறகு நீளமாகப் பேசவில்லை. ஒரே ஒரு கேள்வியைத்தான் மேஜைமேல் வைத்தார். "ஊர் அழுக்கெல்லாம் இன்று ஓரிடத்துக்கு வருகிறது. கல்லை எடுத்தால் அழுக்கு நின்றுவிடுமா? வீட்டுக்கு வீடு கொல்லையிலும் கிணற்றடியிலும் அலசுவார்கள், காய்ச்சல்காரன் போர்வை உட்பட. இன்று ஓரிடத்தில் இருப்பதை நாளை ஊரெல்லாம் தேடிக்கொண்டு டாக்டர் போக வேண்டும். துரைக்கு வேண்டியது கல் இல்லாத ஆறா, காய்ச்சல் இல்லாத பிள்ளைகளா?"

டாக்டர் துரை பென்சிலை மறுபடி எடுத்துக்கொண்டார். கடைசியில் கற்கள் போகவில்லை. கடைசிக் குடியிருப்புக்கும் கீழே தள்ளிப் போடப்பட்டன. காய்ச்சல் கண்ட வீட்டுத் துணிக்குத் தனி அண்டா வைத்தார்கள், கொதித்த பிறகுதான் அது ஆற்றைத் தொடும். கம்பத்துக்குக் குழாய் வந்தது. கல்லுக்கு அதிக தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்று அஞ்சலை இன்றுவரை குறைப்பட்டுக்கொள்கிறாள். அதன்பிறகு காய்ச்சல் குறைந்தது. இதனால்தான் குறைந்தது என்று நான் எழுத மாட்டேன். எழுதினால் வாத்தியார் மலைமேல் மேகத்தைக் காட்டுவார்.

5

தத்துவத்தால் சமூகத்துக்கு என்ன பிரயோசனம் என்று கேட்பவர்கள், அது குழாய் போடுமா, பாலம் கட்டுமா என்று கேட்கிறார்கள். போடாது. எஞ்சினியர்தான் போட வேண்டும். ஆனால் குழாய் எங்கே வேண்டும், யாருக்காக, எதை விட்டுக்கொடுத்து என்ற கேள்விகள் எஞ்சினியர் வரும் முன்பே முடிவாகிவிடுகின்றன. பெரும்பாலும் யார் குரல் பெரிதோ அவர் பக்கம் முடிவாகின்றன. பதினெட்டு வருஷமாக அந்த மேஜையருகே நின்று பார்க்கிறவன் சொல்கிறேன், கெட்ட எண்ணத்தால் வந்த கெட்ட சட்டம் குறைவு. எதிர்ப்பக்கத்தை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காததால் வந்தவைதான் அதிகம். நான் கல்லூரியில் படித்துவிட்டு மறந்திருந்த சாஸ்திரத்தின் உபயோகத்தை ஒரு சாப்பாட்டுக்கடை மாடியில் கண்டுகொண்டேன். அந்த மாடிக்கும், ஆறிப்போன அந்தக் கோப்பிகளுக்கும் நான் நன்றிக்கடன் பட்டவன்.

பிள்ளைகளைப் பற்றி ஊரில் எல்லோரும் கேட்கிறீர்கள். உள்ளதைச் சொல்கிறேன். தமிழ் கைநழுவித்தான் போகிறது. மகன் சுந்தரம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே "லாப்பார் லா, மா" என்று மலாயில் பசியைச் சொல்லிக்கொண்டு நுழைகிறான். மகள் மீனாட்சிக்கு இங்கிலீஷில்தான் கோபம் வருகிறது. பரபக்கம் என்று எழுதிக்காட்டினால் இரண்டு பேருக்கும் வாசிக்கத் தெரியாது. சிவகாமிக்கு இதில் ஏக வருத்தம், எனக்கும்தான்.

ஆனால் போன மாதம் இரண்டு பேரும் சைக்கிளுக்காகச் சண்டை போட்டார்கள். மீனாட்சி கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "வெயிட் லா! ஒனக்குப் பாசாருக்குப் போகணும், இருட்டறதுக்குள்ள திரும்பணும், அதானே சொல்ற? யெஸ் ஆர் நோ?" என்று கேட்டாள். அவன் முறைத்துக்கொண்டே தலையாட்டினான். "இப்ப நான் சொல்றத கேளு" என்று அவள் ஆரம்பித்தாள். இது நான் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. சமையலறையில் நானும் சிவகாமியும் போடும் சண்டைகளிலிருந்து எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. சொல் போனாலும் வழக்கம் தங்கியிருக்கிறது என்று அன்று சிவகாமியிடம் சொன்னேன்.

6

இனித் திங்கட்கிழமைக் கதை. டாக்டர் துரை ஓய்வுபெற்றுச் சீமைக்குப் போய்விட்டார். வாத்தியாரும் போன வருஷம் காலமானார். அவரைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் ராவுத்தரும் ஒருவர். புதிதாக வந்திருக்கும் சுகாதார அதிகாரி இளைஞர், கெட்டிக்காரர், வேகக்காரர். பழைய கோப்பைப் பார்க்காமலோ பார்த்தோ, துவைகற்களை ஊர் எல்லைக்கு வெளியே தள்ள வேண்டும் என்று மறுபடி எழுதிவிட்டார். மறுபடி அதே மேஜை, அதே முறையீடு. முடிவு அடுத்த மாதம்தான் தெரியும், என்ன ஆகும் என்று சொல்ல நான் ஜோசியன் இல்லை.

யார் பேசப்போகிறார்கள் என்று பெருமாளிடம் கேட்டேன். அவருக்கு இப்போது தலை முழுக்க நரை. "வாத்தியார் இல்ல. வேற யாரு? நாந்தான்" என்றார். கத்தாமல் இருக்க வேண்டுமே என்று எனக்குள் பயம்.

கூப்பிட்டார்கள். பெருமாள் மேஜைக்கு முன்னால் வந்து நின்று கும்பிட்டார். அதிகாரியைப் பார்க்கவில்லை, நேராக எழுத்தரைப் பார்த்தார்.

"எழுதுற அய்யா, பேனாவக் கொஞ்சம் கீழ வைங்க. இப்ப நான் பேசப்போறது தொரையோட பேச்சு. எம் பேச்சு வர்றப்ப கைதட்டிச் சொல்றேன், அப்ப எழுதுங்க."

நான் மொழிபெயர்த்தேன். குரல் நடுங்கிவிட்டது, சத்தியத்துக்கு அதனால் பங்கம் இல்லை என்று நம்புகிறேன். எழுத்தர் திகைத்துப்போய்ப் பேனாவை வைத்தார். பெருமாள் பேசினார். ஊர் பெருத்துப்போனதையும், மழையில்லாத மாதத்தில் ஆறு சுருங்கிக் கிடப்பதையும், புதிய வீடுகள் கல்லுக்குக் கீழேயும் வந்துவிட்டதையும் சொன்னார். "அங்க உள்ள பிள்ளைங்களும் பிள்ளைங்கதான். தொரை அதத்தான் நெனைக்கிறாரு. அதுல தப்பில்ல" என்று முடித்தார்.

முடித்து, இளைஞரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மௌனத்தை மொழிபெயர்க்க எனக்கு அதிகாரம் இல்லை. நானும் நின்றேன். இளம் துரை என்னைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், கடைசியில் பெருமாளைப் பார்த்தார். காது சிவந்தது. பிறகு மெதுவாகத் தலையாட்டினார்.

பெருமாள் எழுத்தர் பக்கம் திரும்பி, கைதட்டினார்.